புல்லில் ஈரம் காயும் வரை

ஜனவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே நான் நலம். போன மாதம் பிடித்த சளி உன்னை விட்டதா இல்லையா? 'நாத்தனார்' என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். அதனால்தான் கூப்பிடுகிறேன்.

போனிலேயே பேசலாமே என்று கேட்டிருந்தாய். இங்கே சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்று கத்தினால் இருபத்தாறு மாடும் மேய்வதை விட்டுவிட்டு என்னையே பார்க்கின்றன. அதோடு, போனில் இரண்டு தடவை 'அப்புறம்?' என்று கேட்டதும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. கடிதம் அப்படி இல்லை. மாலைக் கறவை முடிந்து, பால் அறையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் எதிர் நாற்காலியில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

உன் அண்ணன் வெளியூர்ப் பண்ணை வேலைக்குக் கிளம்பி மூன்று மாதம் ஆகிவிட்டது. வாரம் தவறாமல் எழுதுகிறார். பெரிய பண்ணையாம், வேலை அதிகமாம். ஆறு மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தானே ஏற்பாடு. அதுவரை நான்தான் பண்ணையாள், மேலாளர், வேலிக்குக் காவல், எல்லாம். கணக்கு வாத்தியாராக இருந்தவளுக்கு இந்த வேலை பொருந்தாமல் போகுமா? முப்பது துண்டு நிலம், ஒரு நாளைக்கு ஒரு துண்டு. இன்று மேய்ந்த துண்டுக்கு இருபத்தொன்பது நாள் ஓய்வு. மின்வேலிக் கம்பியை நகர்த்தினால் மாடுகள் தாமாகவே அடுத்த துண்டுக்குப் போகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட இவை எவ்வளவோ மேல்.

இந்த மாதப் பார்வையாளர் நாளுக்கு, மேய்ச்சல் முறையைக் கற்றுக்கொள்ள ஒன்பது விவசாயிகள் வந்தார்கள். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர். அவரையும் சேர்த்துத்தான் பண்ணையை நடத்தும் அறக்கட்டளைக்கு எழுதி அனுப்பினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

—

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

சளி போய்விட்டது. நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததால் மோசமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆய்வகத்தில் ஆள் குறைவு. காலை ஏழு மணிக்கே கையை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஊசி, குழாய், ரத்தம், ஒட்டுச்சீட்டு. நேற்று ஒருவர், "வலிக்காம எடுங்கம்மா"ன்னார். "எடுத்தாச்சு சார்"னேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. அதுதான் அன்றைக்கு நான் யாரோடாவது பேசிய மிக நீளமான பேச்சு.

என் அறை நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். உங்கள் வீட்டில் இருந்து படித்த ஆறு வருஷமும் ஜன்னலோர மேஜையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நீங்கள் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவீர்கள். அப்போது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

அண்ணன் எனக்கு அவ்வளவாக எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுகிறார் என்பதே போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார் (நானே போட்டுக்கொண்டுவிட்டேன்)

—

பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். முட்டி அதன் இஷ்டத்துக்கு வலிக்கிறது, நான் என் இஷ்டத்துக்கு நடக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு விரோதி கிடைத்திருக்கிறார். கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர். பன்னிரண்டு மாடு, பன்னிரண்டும் கொட்டகையில் கட்டித்தான் இருக்கும். தினமும் வேலி ஓரம் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவார். போன வாரம் வாயைத் திறந்தார்.

"ஏன் டீச்சர், மாட்டை அவுத்து விட்டுட்டு வேடிக்கை பாக்கறதுக்குப் பேரு பண்ணையா?"

"நீங்க புல்லை அறுத்து, சுமந்து, போட்டு, சாணியை அள்ளி, சுமந்து, திரும்ப வயல்ல கொட்டறீங்க. என் மாடு தானே போய்த் தின்னுட்டுத் தானே போட்டுடுது. யாரு வேடிக்கை பாக்கறது?" என்றேன்.

அன்று போய்விட்டார். ஆனால் மறுநாளும் வந்து நின்றார்.

பார்வையாளர் நாளில் வருகிறவர்கள் நான் பேசும்போது என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். 'ஐயா' வருவார், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். புல் முழங்கால் உயரம் வந்ததும் மாட்டை விடுங்கள், கணுக்கால் உயரத்தில் வெளியே எடுங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். இதையே உன் அண்ணன் சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.

காலைக் கறவைக்கு வரும் அம்மா முன்பெல்லாம், "ஐயா எப்பம்மா வராரு?" என்று தினம் கேட்பாள். இப்போது சில நாளாகக் கேட்பதில்லை.

அவர் நலமாக இருக்கிறார். உனக்கும் எழுதச் சொல்லி எழுதுகிறேன்.

உன் அண்ணி

—

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தேன்.

நீங்கள் நலமா? சமைக்கிறீர்களா, இல்லை பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறீர்களா?

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இன்னும் எத்தனை நாள் தனியாக இதை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்? பழைய பள்ளிக்கூடத்தில் நீங்கள் கேட்டால் மறுபடி எடுத்துக்கொள்வார்களே. அறக்கட்டளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் என்ன? அங்கே அண்ணன் இருக்கிற இடத்தில் இரண்டாயிரம் மாடாம், ஒன்றுகூட வெயிலைப் பார்த்ததில்லையாம், எல்லாமே கூரைக்குக் கீழேதான். இவ்வளவு வருஷம் புல் புல் என்று பேசியவருக்கு அது பழகிவிட்டது போலிருக்கிறது. அவர் ஆரம்பித்த பண்ணைக்காக நீங்கள் ஏன் அங்கே கிடந்து தேய வேண்டும்?

யோசித்துப் பாருங்கள். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. சுவரைத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

—

ஏப்ரல் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். கட்டிலுக்கு நன்றி.

அவர் ஆரம்பித்த பண்ணை என்று எழுதியிருக்கிறாய். திட்டம் எழுதியது அவர்தான். முப்பது துண்டையும் கயிறு பிடித்து அளந்தது நான். எந்தத் துண்டில் தண்ணீர் தேங்கும், எந்தத் துண்டில் புல் முதலில் தலைகாட்டும், எந்த மாடு வேலியில் மின்சாரம் இல்லாத நாளை மோப்பம் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு கணக்கு டீச்சர் கிடைப்பாள்.

மழை இந்த வருஷம் சீக்கிரம் வரும் போலிருக்கிறது. குதிரைமசால் தீவனப் பயிரைக் கலந்து விதைத்த துண்டுகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. பார்க்க அழகு. ஆனால் பயமும்தான். ஈரத்தோடு இருக்கும்போது பசித்த மாட்டை அதில் விடக் கூடாது, வயிறு உப்பிவிடும். முதலில் கொஞ்சம் வைக்கோல், பிறகு ஈரம் காயும் வரை காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் கதவு. பார்வையாளர் நாளில் நான் சொல்லும் முதல் பாடம் அதுதான்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி

—

மே 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் பதில் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், சொல்ல வேறு ஆள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, கறவை முடிந்து மாடுகள் கதவருகே நின்றுகொண்டிருந்தன. நான் பால் அறையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பசியில் அவை கத்த ஆரம்பித்ததும் எழுந்து போய், வைக்கோல் போடாமல், புல்லைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கதவைத் திறந்துவிட்டேன். குதிரைமசால் துண்டு. முந்தின நாள் மழை. அன்று காலை என் மனம் என்னிடம் இல்லை. ஏன் என்று கேட்காதே.

முக்கால் மணி நேரத்தில் மூன்று மாடுகளுக்கு இடது பக்கம் மேளம் மாதிரி வீங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்குமே, 'தலைவி' என்று நீ பெயர் வைத்த மாடு, அது நான் போய்ச் சேருவதற்குள் விழுந்துவிட்டது. கால்களை ஒருமுறை உதறியது. அவ்வளவுதான். இன்னொன்றை நடத்திக்கொண்டே இருந்ததில் அது தப்பித்தது. மூன்றாவது, சின்னக் கிடாரி, முட்டி போட்டுவிட்டது. தொட்டி மேல் ஏறி மருத்துவருக்குப் போன் செய்தேன். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்.

அலமாரியில் குழாய் மாட்டிய பெரிய ஊசி இருந்தது. உன் அண்ணன் அதால் ஒரே ஒரு தடவை குத்தியதைப் பார்த்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அப்போது கிழக்கு வேலிக்காரர் வேலியைத் தாண்டி வந்தார். கம்பியில் மின்சாரம் ஓடுவதை மறந்துவிட்டார் போலிருக்கிறது, "ஐயோ!" என்று ஒரு துள்ளு துள்ளி இந்தப் பக்கம் விழுந்தார். எழுந்து வந்து கிடாரியின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"குத்துங்க டீச்சர்."

"இடம் தப்பிடுச்சுன்னா?"

"குத்தலைன்னா எப்படியும் போயிடும். குத்துங்க!"

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் கையை வைத்து அளந்தேன். குத்தினேன். நுரையும் காற்றுமாக வந்தது. குழாய் வழியாக எண்ணெய் ஊற்றினேன். கால் மணி நேரம் கழித்துக் கிடாரி எழுந்து நின்றது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்துப் பார்வையாளர் நாள். தலைவியைப் புதைத்த இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. வந்தவர்களை வேறு பக்கமாகக் கூட்டிப் போயிருக்கலாம். அந்தத் துண்டுக்கே கூட்டிப் போய், "இங்கே ஒரு மாட்டை நான் கொன்னுட்டேன். எப்படின்னு சொல்றேன், கேளுங்க" என்றேன். யாரும் என் தோளுக்கு மேலே பார்க்கவில்லை. வயதான ஒருவர், "எந்த இடத்துல குத்தினீங்க? காட்டுங்கம்மா" என்றார். அவர் கையைப் பிடித்து மாட்டின் மேல் வைத்துக் காட்டினேன். பிறகு ஒவ்வொருவராக வரிசையில் வந்து கையை வைத்துப் பார்த்தார்கள்.

முன்னால் நடக்க மாடு இல்லாமல் மந்தை கதவருகே வந்து தயங்கி நிற்கிறது. நானே முன்னால் நடக்கிறேன்.

அண்ணி

—

மே 20

அண்ணி,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் திரும்ப வர மாட்டார். டிசம்பர் கடைசியில் எனக்கு எழுதினார். அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறார். "அவளிடம் நீ சொல்லாதே, நானே எழுதுகிறேன்" என்று கேட்டிருந்தார். நான் சரி என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அடுத்து வந்த உங்கள் கடிதத்தில் 'வாரம் தவறாமல் எழுதுகிறார்' என்று இருந்தது. அவர் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அவரே ஒத்துக்கொண்டிருந்தார். நீங்கள் எனக்காகப் பொய் சொல்கிறீர்கள் என்று தெரிந்தும், நான் உங்களுக்காகப் பொய் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் உண்மையை எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் என் கடிதங்கள் எல்லாம் தாமதமாக வந்தன.

பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றது உங்களை அங்கிருந்து கிளப்பிக் கொண்டுவரத்தான். புத்தியில்லாத வழி.

என் அண்ணன் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது. நான் செய்ததற்குக் கேட்கிறேன். இதற்குமேல் எனக்கு எழுத உங்களுக்கு மனம் வராவிட்டால், எனக்குப் புரியும்.

—

ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதம் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஒரு அஞ்சல் அட்டையில் 'கிடைத்தது' என்று எழுதினால்கூடப் போதும்.

மாலையில் திரும்பி வந்ததும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். வீட்டுக்காரம்மா நேற்று, "யாருகிட்டருந்தும்மா எதிர்பாக்கறே?" என்று கேட்டார். "எங்க அண்ணிகிட்டருந்து" என்றேன். "அண்ணிகிட்டருந்தா!" என்று ஆச்சரியப்பட்டார். அவருடைய நாத்தனாரும் அவரும் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லையாம்.

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

—

ஜூலை 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. தாமதம் வேண்டுமென்றே செய்ததுதான். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு வரிகூட வராதபோதே, ஜனவரியிலேயே எனக்குச் சந்தேகம்; பிப்ரவரியில் உறுதியாகிவிட்டது. அவர் அறக்கட்டளைக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பியிருந்தார். செயலாளர் அதை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் மாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கறவைக்காரம்மா அப்போது பக்கத்தில்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள், விவாகரத்து மனுத் தாள்கள் பதிவுத் தபாலில் வந்தன. நான்கு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பென்சிலால் குறி போட்டு அனுப்பியிருந்தார். எப்போதுமே ஒழுங்கான மனுஷர். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பால் அறையில் உட்கார்ந்திருந்தேன். தலைவி போனதற்கு அவர் காரணமில்லை. கதவைத் திறந்தது என் கை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் மனைவி என்பதால்தான் நான் உனக்கு அண்ணி. அவர் இல்லை என்று ஆகிவிட்டால் நீ எனக்கு யார்? எனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நீ ஒருத்திதான். அதையும் அவரோடு சேர்த்து அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாரம் தவறாமல் எழுதுகிறார் என்று எழுதினேன். அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள அப்படி எழுதவில்லை, உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் எழுதினேன்.

நீயும் அதே பயத்தில்தான் சொல்லாமல் இருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். அப்படித்தானே?

ஜூனில் அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், பண்ணையை மூடுவதா என்று பார்க்க. ஒரு மாடு செத்துப்போன விவரத்தை நான் அறிக்கையில் மறைக்கவில்லை, அதையே எடுத்துவைத்துக் கேள்வி கேட்டார்கள். வேலி ஓரம் நின்ற கிழக்கு வேலிக்காரர் அழைக்காமலே உள்ளே வந்தார். "என் கொட்டகையிலயும் மாடு செத்திருக்கு. நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. இந்தம்மா கூப்பிட்டுக் காட்டினாங்க. இந்தம்மா போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்றார். மூன்று பேரும் புல்லை அளந்தார்கள், மண்ணைத் தோண்டி மண்புழுவை எண்ணினார்கள், போய்விட்டார்கள். போன வாரம் உத்தரவு வந்தது. மேலாளர் என்று என் பெயர் போட்டிருக்கிறது.

தாள்களில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சாட்சி ஒருவர் வேண்டுமாம். நான்கு நாள் லீவு கிடைத்தால் வா.

அண்ணி

—

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம், அதே பயம்தான்.

பதினெட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். லீவு கேட்டதும் எங்கள் தலைமை அதிகாரி, "நீ லீவெல்லாம் எடுப்பியா?" என்று கேட்டார். எனக்கு மாட்டைக் கண்டால் பயம் என்பது உங்களுக்கு நினைவிருக்கட்டும். ரத்தம் எடுக்கச் சொன்னால் மட்டும் எடுப்பேன்.

உங்கள் நாத்தனார்

—

ஆகஸ்ட் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. உள்ளங்கையில் வந்த கொப்புளம் ஆறியதா? வேலிக் கம்பத்தை யாரும் அப்படிப் பிடுங்க மாட்டார்கள்.

நான் நலம் என்றுதான் இந்த வரியை ஆரம்பித்தேன். அடித்துவிட்டு எழுதுகிறேன். நீ போன பிறகு வீடு முன்பைவிட மோசமாக இருக்கிறது. நான்கு நாள் பேச்சுக் கேட்ட காது, ஐந்தாம் நாள் சும்மா இருக்க மறுக்கிறது. கறவை இயந்திரத்தை நிறுத்தியதும் வருகிற அமைதி இருக்கிறதே, அதற்கு நான் பழகிவிட்டேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். பழகவில்லை. பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேனா என்று ஏப்ரலில் கேட்டாய். ஆமாம். பல நாள் அப்படித்தான். இதையெல்லாம் உனக்கு எழுதலாம் என்று இப்போது தெரிந்திருப்பதால் எழுதுகிறேன். சரிசெய்துவிட வேண்டும் என்று கிளம்பி வராதே. படித்தால் போதும்.

கிழக்கு வேலிக்காரர் ஒரு ஏக்கரில் கம்பி இழுத்து மூன்று மாட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறார். மூன்றும் வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டகையைப் பார்த்தே நின்றனவாம். "டீச்சர், இதுங்களுக்கு மேயத் தெரியலையே" என்று ஓடி வந்தார். "நாலு நாள் விடுங்க, கத்துக்கும்" என்றேன்.

நேற்று தாள்களைக் கொடுக்கக் குடும்ப நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். நீ கையெழுத்துப் போட்ட பக்கம். நான் அன்று அதைச் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையிலும் இல்லை.

"சாட்சிக்கு என்ன உறவுன்னு போடற இடத்துல 'நாத்தனார்'னு எழுதியிருக்காங்களே."

"ஆமா."

"இந்த மனு முடிவானா அந்த உறவே இல்லாம போயிடுமேம்மா. 'தெரிந்தவர்'னு மாத்திக் குடுத்துடுங்களேன்."

பேனாவை என் பக்கம் நீட்டினார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அவ எழுதினது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்தார், தாளை ஒரு தடவை பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

பதில் எழுது.

உன் அண்ணி